ஐந்தாம் எண் நீலம்

கட்டட வரைபடம் போடுபவர்களுக்கு ஆட்டோகேட் மென்பொருளின் ஐந்தாம் எண் நீலம் நன்றாகத் தெரியும். இருண்ட திரையில் அது மெல்லிய கோடாக வந்தால் தேடித்தான் பிடிக்க வேண்டும். குழாய்க்கோ மின்கம்பிக்கோ அந்த நீலத்தைக் கொடுத்துவிட்டு, மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டிப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். பார்வை மங்குகிறதோ என்றுகூடச் சிலருக்குச் சந்தேகம் வரும். சந்தேகப்பட வேண்டியது பார்வையை அல்ல. அந்த நீலத்தை அங்கே வைத்தபோது மனிதக் கண்ணை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆட்டோகேடில் நிறங்களுக்கு எண்கள் உண்டு. 1 சிவப்பு, 2 மஞ்சள், 3 பச்சை, 4 சியான் என்கிற வெளிர்நீலப் பச்சை, 5 நீலம், 6 மெஜந்தா. ஏழாம் எண் இருண்ட திரையில் வெள்ளையாகவும் வெள்ளைத் திரையில் கறுப்பாகவும் தெரியும். இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்பதற்கு அக்காலத்துத் திரையைப் பார்த்தாலே போதும். மென்பொருள் வெளிவந்தது 1982 டிசம்பரில். அன்றைய கணினித் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளையும் எரிய விடலாம், அணைக்கலாம். இடைப்பட்ட நிலைகள் மிகக் குறைவு. மூன்று ஒளிகளை எரிப்பதற்கும் அணைப்பதற்கும் மொத்தம் எட்டு வழிகளே உண்டு. எல்லாம் அணைந்தால் கறுப்பு, எல்லாம் எரிந்தால் வெள்ளை. மீதி ஆறும்தான் மேலே சொன்ன ஆறு நிறங்கள். நிற வட்டத்தில் 60 பாகைக்கு ஒன்றாக அவை வரிசையாக நிற்கின்றன. அன்றைய மின்சுற்று தரக்கூடியது எதுவோ அதுவே பட்டியலாயிற்று.

பின்னாளில் பட்டியல் 255 வரை நீண்டது. 10 முதல் 249 வரையிலான எண்களில் 24 வண்ணச் சாயல்கள், ஒவ்வொன்றிலும் பத்துப் படிகள். கடைசி இலக்கம் இரட்டைப்படையாக இருந்தால் நிறம் செறிவாக இருக்கும், ஒற்றைப்படையாக இருந்தால் வெளிறியிருக்கும். 250 முதல் 255 வரை சாம்பல்கள். கணக்காக வகுத்த அழகான ஒழுங்கு இது. ஆனால் வகுத்தது கணக்கு மட்டுமே. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே கண் உணரும் தூரம் எங்கும் ஒரே அளவாக இல்லை.

திரை ஒரு பக்கம். மறுபக்கம் அச்சு இருந்தது. இன்று இந்த நிறங்களை மாற்ற நினைக்கிறவர்கள் முதலில் இடறுவது அங்கேதான்.

1980களின் பிளாட்டர் என்பது ஓர் இயந்திரக் கை. ஆறோ எட்டோ பேனாக்களை ஒரு வட்டத் தாங்கியில் செருகி வைப்பார்கள். கணினி ‘முதல் பேனாவை எடு’ என்று ஆணையிடும், கை அதை எடுத்துக் கோடு போடும். ‘இரண்டை எடு’ என்றால் முதலாவதை வைத்துவிட்டு மாற்றிக்கொள்ளும். திரையில் ஒன்றாம் எண் நிறத்தில் இருப்பது முதல் பேனாவுக்குப் போக வேண்டும், இரண்டாம் எண் இரண்டாம் பேனாவுக்கு. சுவருக்குத் தடித்த முனை, அளவுக்கோட்டுக்கு மெல்லிய முனை. ஆகவே திரையில் தெரிந்த சிவப்பு சிவப்பைக் குறிக்கவில்லை. ‘இந்தக் கோட்டை இவ்வளவு தடிமனில் போடு’ என்ற கட்டளையாக அது இருந்தது.

கைவரைபடக் காலத்தைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. டிரேசிங் பேப்பரில் வரைய வைத்திருந்த ராட்ரிங் வகை மைப்பேனாக்களிலும் நிறம் தடிமனைத்தான் சொன்னது. பேனாவின் வளையம் 0.18 மி.மீ.க்குச் சிவப்பு, 0.25க்கு வெள்ளை, 0.35க்கு மஞ்சள், 0.5க்குப் பழுப்பு, 0.7க்கு நீலம். உலகத் தர விதிப்படியான நிறங்கள் இவை. எண்களைக் கவனித்தால் ஒவ்வொரு தடிமனும் முந்தையதைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு, அதாவது இரண்டின் வர்க்கமூலம். ஏ4 தாளை ஏ3 ஆகப் பெருக்கும்போது நீளங்கள் பெருகும் விகிதமும் இதுவே. வரைபடத்தை ஒரு தாள் அளவு பெரிதாக்கினால் 0.35 கோடு 0.5 ஆகிவிடும், அடுத்த பேனாவால் திருத்தத்தைத் தொடரலாம். எவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாடு என்று வியக்கத் தோன்றுகிறது.

பேனா பிளாட்டர்கள் மறைந்து மை தெளிக்கும் இயந்திரங்கள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1999இல் வந்த ஆட்டோகேட் 2000 அதற்கு ஒரு கோப்பு வடிவம் கொடுத்தது. சி.டி.பி. என்று அலுவலகங்களில் சொல்லப்படும் அந்தக் கோப்பில் 255 எண்களுக்கும் ‘இந்த நிறம் வந்தால் இந்தத் தடிமனில் அச்சிடு’ என்று எழுதி வைக்கலாம். இன்றும் நம் ஊர் அலுவலகங்களில் பெரும்பாலான வரைபடங்கள் சி.டி.பி.யை நம்பித்தான் அச்சாகின்றன என்று துணிந்து சொல்லலாம். கண்ணுக்கு உறுத்துகிறது என்று ஒரு லேயரின், அதாவது கோடுகளை வகைபிரித்து வைக்கும் அடுக்கின், நிறத்தை 5இலிருந்து 150க்கு மாற்றுகிறீர்கள். தாளில் அந்தக் கோட்டின் தடிமன் மாறிவிடுகிறது. சுவரைவிட நாற்காலி தடித்து வருகிறது. வரைபடத்தை வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பும்போது சி.டி.பி. கோப்பைச் சேர்த்து அனுப்ப மறந்தாலும் இதே கதிதான்.

இதிலிருந்து வெளியேற அதே 1999 பதிப்பே ஒரு வழியும் தந்தது. நிறத்தை விட்டுவிட்டு, ‘சுவர் வெட்டு’, ‘அளவுக்கோடு’ என்று பெயரிட்ட அச்சுப்பாணிகளை லேயர்களுக்குக் கொடுக்கலாம். எஸ்.டி.பி. என்பது அது. அதில் தடிமன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், நிறம் விடுதலையாகிவிடும். அதன்பின் நிறத்தைக் கண்ணுக்காக மட்டுமே தேர்ந்தெடுக்கலாம். இது இன்னும் பரவலாகாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. பழைய கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டுமே என்ற அச்சம்தான் காரணம். அந்த அச்சம் நியாயமானதும்கூட.

ஆட்டோகேடில் 255 எண்களின் நிறங்களை நாம் திருத்த முடியாது. எந்த லேயருக்கு எந்த எண் என்பதை மாற்றலாம், 2004 பதிப்பு முதல் எண்ணை விட்டுவிட்டு ஒரு கோடியே 67 லட்சம் நிறங்களில் எதையும் நேரடியாகக் கொடுக்கலாம், பின்னணியையும் மாற்றலாம். ஹங்கேரியில் பிறந்த ஆர்க்கிகேட் மென்பொருள் வேறு மாதிரி. அதிலும் 255 பேனாக்கள் உண்டு, ஆனால் ஒவ்வொன்றின் நிறமும் தடிமனும் விளக்கக் குறிப்பும் நம் கையில். அப்படி அமைத்த தொகுப்புக்குப் பேனா செட் என்று பெயர். ஒரே கட்டடத்தை 1:100 அளவில் ஒரு செட்டோடும், 1:50இல் இன்னொரு செட்டோடும், வாடிக்கையாளருக்குக் காட்ட மூன்றாவதோடும் பார்க்கலாம். மாதிரியைத் தொட வேண்டியதில்லை. ரெவிட் என்ற இன்னொரு மென்பொருளில் பேனா எண் என்ற எண்ணமே பின்னுக்குப் போய்விட்டது. சுவர், கதவு, குழாய் என்ற வகைக்கு நிறமும் 16 தடிமன்களில் ஒன்றும் ஒதுக்கப்படுகின்றன. மூன்றையும் ஒப்பிட்டால் நிறத்தைத் தடிமனிலிருந்து பிரித்து, பொருளோடு சேர்ப்பதே இந்தத் துறை நகர்ந்துவந்த திசை என்பது தெரிகிறது.

இனி கண்ணுக்கு வருவோம்.

திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழு அளவில் எரியவிட்டால் வரும் வெள்ளையின் பிரகாசத்தை நூறு என்று கொண்டால், அதில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7. விளக்கின் குறையில்லை இது. நம் கண்ணின் பிரகாச உணர்வு பச்சையை ஒட்டிய அலைநீளங்களில்தான் உச்சத்தில் இருக்கிறது. நீலத்தை உணரும் கூம்புச் செல்கள் மொத்தக் கூம்புகளில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் நடுப்புள்ளியில் அவை அறவே இல்லை. மெல்லிய கோட்டை உற்றுப் பார்க்க நாம் பயன்படுத்துவது அந்த நடுப்புள்ளியைத்தான். போதாக்குறைக்கு, கண்ணின் லென்சு நீல ஒளியைச் சற்று முன்னதாகவே குவித்துவிடுகிறது. சிவப்புக் கோடு துல்லியமாகத் தெரியும்போது பக்கத்து நீலக்கோடு ஓரம் மங்கித் தெரிவதும், இரண்டும் வெவ்வேறு ஆழத்தில் மிதப்பதுபோலத் தோன்றுவதும் இதனால்தான்.

இதை எண்ணாகவே பார்க்கலாம். இணையப் பக்கங்களின் அணுகுதன்மை விதிகளில் இரண்டு நிறங்களுக்கு இடையேயான பிரகாச வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடுவார்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் 21, இரண்டும் ஒன்றென்றால் 1. கோடு, குறியீடு போன்றவற்றுக்குக் குறைந்தது 3 வேண்டும், சிறிய எழுத்துக்கு 4.5. ஆட்டோகேடின் இயல்பான இருண்ட பின்னணி, சிவப்பு, பச்சை, நீலம் முறையே 33, 40, 48 என்ற கலவையிலான கருஞ்சாம்பல். அதன்மேல் ஐந்தாம் எண் நீலத்தின் விகிதம் 1.7. தேர்ச்சிக்கு வெகு தூரம். அதே பின்னணியில் மஞ்சளுக்குக் கிட்டத்தட்ட 14. தாளின் வெண்மைக்குப் போனால் எல்லாம் தலைகீழ். நீலம் 8.6க்கு உயர்கிறது, மஞ்சள் 1.07க்கு விழுந்து கண்ணிலிருந்தே மறைகிறது. பச்சைக்கு 1.4, சியானுக்கு 1.25. வண்ணத்தில் அச்சிட்ட வரைபடத்தில் அளவுகள் காணாமற்போவதன் காரணம் இதுதான்.

அப்படியானால் இருண்ட திரையிலும் வெள்ளைத் தாளிலும் ஒருசேரத் தேறும் நிறங்கள் உண்டா? உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால், வெள்ளையின் பிரகாசத்தில் சுமார் 16 முதல் 30 சதவீதம் வரை உள்ள நிறம் எதுவும் அந்த இரண்டு பின்னணியிலும் 3 என்ற வரம்பைத் தாண்டும். முதல் ஆறு எண்களில் சிவப்பும் மெஜந்தாவும் மட்டுமே இந்த இடைவெளிக்குள் வருகின்றன. மற்ற நான்கும் ஏதோ ஒரு பக்கம் தோற்கின்றன.

நிறக்குருடு உள்ளவர்களை நினைத்தால் இடம் இன்னும் குறுகும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டில் குறை உண்டு. பெண்களில் இருநூறில் ஒருவருக்கு. பிற மக்களில் விகிதம் சற்றுக் குறைவு என்றாலும் ஐம்பது ஆண்கள் வேலை செய்யும் எந்த அலுவலகத்திலும் இப்படி ஓரிருவர் இருப்பார்கள் என்றே கொள்ள வேண்டும். பலர் அதை வெளியில் சொல்வதில்லை. தீயணைப்புக் குழாய் சிவப்பிலும் குடிநீர்க் குழாய் பச்சையிலும் ஒரே பிரகாசத்தில் வரையப்பட்டிருந்தால் அவர்களுக்கு இரண்டும் ஒரே குழாய். ஜப்பானைச் சேர்ந்த மசாடாகா ஒகாபே, கெய் இட்டோ என்ற இருவர் இதற்கென்றே எட்டு நிறங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை அமைத்தார்கள். அறிவியல் இதழ்களின் வரைபடங்களில் அது இன்று பரவலாக இருக்கிறது. அந்த எட்டில் செங்காவி ஒட்டிய சிவப்பு (213, 94, 0), நீலச்சாயல் கொண்ட பச்சை (0, 158, 115), இளஞ்செவ்வூதா (204, 121, 167) மூன்றும் மேலே சொன்ன 16-30 இடைவெளிக்குள்ளும் அமைகின்றன. திரை, தாள், நிறக்குருடு மூன்று சோதனைகளையும் தாண்டிய மூன்று நிறங்கள் கையில் கிடைத்துவிட்டன. அதே தொகுப்பின் நீலம் (0, 114, 178) இருண்ட பின்னணியில் 2.9 வாங்கி மயிரிழையில் தவறுகிறது. ஐந்தாம் எண்ணின் 1.7ஐவிட எவ்வளவோ மேல். இன்னும் இரண்டு மூன்று வகைகளைக் காட்ட வேண்டுமானால் கோட்டின் பாணியை மாற்றலாம், புள்ளிக்கோடு, சங்கிலிக்கோடு என்று. ஒரு தகவலை நிறத்தை மட்டும் நம்பிச் சொல்வது எப்போதுமே ஆபத்து.

நாமே விருப்பப்படி மாற்றக்கூடாத நிறங்களும் உண்டு. இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஒப்புதலுக்குப் போகும் வரைபடத்தில் புதிதாகக் கட்டப்போவதைச் சிவப்பிலும் இடிக்கப்போவதை மஞ்சளிலும் காட்டச் சொல்கிறது. கட்டடத்துக்குள் ஓடும் குழாய்களுக்கு வண்ணம் பூசுவதற்கு ஐ.எஸ். 2379 என்ற தரம் இருக்கிறது. திரையில் குழாய்க்குக் கொடுக்கும் நிறம் சுவரில் பூசப்படும் நிறத்தோடு ஒத்துப்போனால் தளத்தில் வேலை பார்ப்பவருக்குக் குழப்பம் குறையும். உங்கள் நிறத்தொகுப்பை அமைக்கும் முன்பு இவற்றை முதலில் வைத்துவிட்டு, மீதமுள்ள இடத்தில்தான் உங்கள் ரசனைக்கு இடம்.

கோடுகளை விட்டுப் பொருள்களின் நிறத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் ஆழம். முப்பரிமாண மாதிரியில் சுவருக்குக் கொடுக்கும் நிறம் வெறும் அடையாளமல்ல. ஒளியைக் கணக்கிடும் மென்பொருளுக்கு அது ஓர் இயற்பியல் அளவு. சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் என்பதை அந்த எண்ணிலிருந்துதான் அது படிக்கிறது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. திரை நிறத்தில் 0 கறுப்பு, 255 வெள்ளை. நடுவில் உள்ள 128 பாதி வெள்ளை என்று தோன்றும். உண்மையில் அந்தச் சாம்பல் வெள்ளையின் ஒளியில் 22 சதவீதத்தைத்தான் தருகிறது. 1990களின் பிற்பகுதியில் தரமாக்கப்பட்ட எஸ்.ஆர்.ஜி.பி. முறையில் எண்கள் கண்ணின் உணர்வை ஒட்டிப் படிப்படியாக அமைக்கப்பட்டுள்ளன. ஒளியின் அளவை ஒட்டி அல்ல. பாதி ஒளி வேண்டுமென்றால் 188 கொடுக்க வேண்டும்.

ஓர் அறைக்குள் ஒளி சுவரில் பட்டு, கூரையில் பட்டு, மீண்டும் சுவரில் பட்டுத் திரும்பத் திரும்பத் தெறிக்கிறது. சராசரித் தெறிப்பு 50 சதவீதம் என்றால் இந்தத் தெறிப்புகள் எல்லாம் சேர்ந்து அறையின் ஒளியைத் தோராயமாக இரட்டிப்பாக்கும். 22 சதவீதம் என்றால் 1.3 மடங்குக்கும் சற்றுக் குறைவு. 80 என்றால் ஐந்து மடங்கு! நிறத்தொகுப்பில் இருந்த ஒரு சாம்பலைப் பாதித் தெறிப்பு என்று நினைத்துச் சுவருக்குக் கொடுத்துவிட்டால், கணக்கில் அறை இருண்டுபோகும், தேவையில்லாத விளக்குகள் வாங்கப்படும். மறுபக்கமும் தவறு நேரலாம். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெக் வார்டு எழுதிய ரேடியன்ஸ் போன்ற மென்பொருள்கள் தெறிப்பை நேரடிப் பின்னமாகக் கேட்கின்றன. திரையின் 128ஐ 255ஆல் வகுத்து 0.5 என்று அதில் எழுதினால், 22 சதவீதச் சுவர் 50 சதவீதச் சுவராகி, இருண்ட அறை வெளிச்சமானதாகத் தெரியும். கட்டி முடித்த பிறகுதான் உண்மை வெளிப்படும்.

இதே காரணத்தால் சுவரின் வெள்ளையை 255 என்று விடக்கூடாது. நூறு சதவீத ஒளியைத் திருப்பும் சுவர் உலகில் இல்லை. புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பெயிண்டே 85 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும், தூசு படிந்தால் இன்னும் இறங்கும். கூரைக்கு 70 அல்லது 80, சுவருக்கு 50, தரைக்கு 20 சதவீதம் என்பது ஒளிப் பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் தொடக்க அளவு. இந்த மூன்றையும் பொருள் தொகுப்பில் பெயரோடு நிரந்தரமாக வைத்துவிடலாம். பெயிண்ட் முடிவானபின், கம்பெனிகள் தரும் ஒளித்தெறிப்பு மதிப்பைக் கேட்டு வாங்கிப் போடலாம்.

பெயிண்டின் நிறத்தைத் திரையில் பார்த்துத் தேர்வு செய்வதை மட்டும் நம்பவே கூடாது. திரை ஒளியை உமிழ்கிறது. பெயிண்ட், அறையில் எரியும் விளக்கின் ஒளியைத் திருப்புகிறது. பகலில் ஒத்துப்போன இரண்டு பூச்சுகள் மஞ்சள் எல்.இ.டி. விளக்கில் வேறு வேறாகத் தெரிவதுண்டு. ஜெர்மனியில் 1927இல் 40 நிறங்களோடு தொடங்கிய ரால் நிற அட்டையும், நம் நாட்டின் ஐ.எஸ். 5 தரமும் நிறத்துக்கு எண் கொடுத்தது இதற்காகத்தான். மாதிரியில் பொருளின் பெயரிலேயே அந்த எண்ணை எழுதி வைத்தால் போதும். திரையில் தெரிவது அதன் தோராயமான நிழல் என்று எல்லாரும் புரிந்துகொள்வார்கள்.

வெயில், வெப்பம், பகலொளி ஆகியவற்றைத் தரைப்படத்தின்மேல் வண்ணப்பட்டையாகக் காட்டும் கருவிகளிலும் இயல்பு நிறங்கள் பிழை செய்கின்றன. நீலத்திலிருந்து சிவப்பு வரை போகும் வானவில் பட்டையில் நடுவிலிருக்கும் மஞ்சளும் சியானும்தான் மிகப் பிரகாசம். அதனால் நடுத்தரமான இடங்கள் கண்ணைப் பறிக்கின்றன, உச்சமான இடங்கள் அடங்கிவிடுகின்றன, இல்லாத எல்லைக்கோடுகள் இருப்பதுபோலத் தோன்றுகின்றன. அறிவியல் வரைபடங்களுக்கான மேட்பிளாட்லிப் மென்பொருள் 2017இல் தன் வானவில்லைக் கைவிட்டு, கருநீல ஊதாவிலிருந்து மஞ்சளுக்குச் சீராகப் பிரகாசமேறும் விரிடிஸ் என்ற பட்டையை இயல்பாக்கியது. இயல்பை மாற்றியதால், நிறத்தைப் பற்றி யோசிக்காதவர்களின் வரைபடங்களும் திருந்தின.

ஒரு கட்டட அலுவலகமும் அதைச் செய்யலாம். மாற்றங்களை நடப்பு வரைபடத்தில் செய்யாமல் டெம்ப்ளேட் கோப்பில் செய்ய வேண்டும். மென்பொருள் நிறுவிய கோப்புறையில் வைத்தால் அடுத்த பதிப்பு வரும்போது தொலைந்துபோகலாம், ஆகவே அலுவலகத்தின் பொதுவான இடத்தில் தனியாக வைக்க வேண்டும். நிறங்கள் ஏழெட்டைத் தாண்ட வேண்டாம். முடிந்ததும் ஒரு தாளைச் சாம்பல் நிறத்தில் அச்சிட்டு, கொத்தனாரின் கையில் கொடுத்துப் பாருங்கள். தளத்துக்குப் போகும் வரைபடங்கள் பல, கறுப்பு வெள்ளை ஜெராக்ஸாகத்தான் போகின்றன. அங்கே பிழைக்காத வேறுபாடு வேறெங்கும் பிழைக்காது.

பாலிடெக்னிக்கிலும் கட்டடக்கலைக் கல்லூரியிலும் மென்பொருள் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வகுப்பில் லேயர் உருவாக்கக் கற்றுத்தரும் அன்றே, சிவப்புக்கு எண் 1 வந்த கதையையும் நீலத்தின் ஏழு சதவீதத்தையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும்.